மிஞ்சும் ஒரு செல்

போன வாரம் பார்த்த, ரத்தப் புற்று வந்த பாஸ்டன் குழந்தைகள் ஞாபகம் இருக்கிறார்களா? 1947-48இல் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கொடுத்த அமினாப்டெரின் என்ற மருந்தால் ரத்தம் தெளிந்து, எழுந்து விளையாடியவர்கள், சில மாதங்களிலேயே மறுபடி படுத்துவிட்டார்கள். மருந்து வேலை செய்தது. பிறகு ஏன் நோய் திரும்பியது?

விடையைச் சொன்னவை எலிகள். அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரிலுள்ள சதர்ன் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில் ஹோவர்ட் ஸ்கிப்பரின் குழு எல்1210 என்ற எலி ரத்தப் புற்றுச் செல்களை வைத்து வேலை செய்தது. அவை ஏறக்குறைய அரை நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 100 கோடியைத் தொட்டால் எலி இறந்துவிடும். அதனால், இத்தனை செல் செலுத்தினால் இத்தனையாவது நாளில் எலி சாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. ஸ்கிப்பர் அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார். மருந்து ஏற்றிய எலி எத்தனை நாள் கூடுதலாக வாழ்ந்தது என்று பார்த்து, மருந்துக்குத் தப்பிய செல்கள் எத்தனை என்று கண்டுபிடித்தார். நுண்ணோக்கியில் அகப்படாததை எலியின் ஆயுள் எண்ணிக் கொடுத்தது. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது.

1964இல் முடிவுகள் வெளியாயின. எலியைக் கொல்ல ஒரே ஒரு செல் போதும். இன்னொன்று, ஒரு டோஸ் மருந்து குறிப்பிட்ட எண்ணிக்கையில் செல்களைக் கொல்வதில்லை, குறிப்பிட்ட விகிதத்தில் கொல்கிறது. பத்து லட்சத்தில் 99.9 சதவீதம் செத்தால் ஆயிரம் மிஞ்சும். அதே டோஸ் அந்த ஆயிரத்தையும் தீர்த்துவிடாது, ஒன்றை விட்டுவைக்கும்.

இதைக் குழந்தைகளுக்குப் பொருத்திப் பாருங்கள். நோய் தெரியவரும்போது உடலில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றுச் செல்கள் இருக்கும். அதில் 99.9 சதவீதம் அழிந்தாலும் மிச்சம் 100 கோடி! ஆனால் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும், எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தாலும் பிடிபடாது. “கவுண்ட் நார்மல்னு சொல்லிட்டீங்களே டாக்டர், இன்னும் எதுக்கு ரெண்டு வருஷம் மருந்து?” என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை. இந்தக் கணக்கை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விடுவதற்குப் பணமும் தூரமும் காரணம்தான். பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று மனதார நம்பி விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மருந்தை எப்போது கொடுப்பது என்பதையும் எலிகளே காட்டின. டி.என்.ஏ.வை நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்களைத்தான் சைட்டராபின் என்ற மருந்து கொல்லும். அந்த நேரத்தில் நகலெடுக்காத செல் தப்பிவிடும். ஆகவே 3 மணி நேரத்துக்கு ஒருமுறையாக ஒரு நாள் முழுக்க ஊசி, எலியின் உடல் தேறச் சில நாள் ஓய்வு, மறுபடி ஊசி என்று கொடுத்தார்கள். எலிகள் பிழைத்தன.

எல்1210 செல்கள் எல்லாம் ஒரே வேகத்தில் பெருகுபவை. ஆனால் மனித உடலில் சில புற்றுச் செல்கள் பெருகாமல் உறங்கிக் கிடக்கும், சில மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். ஒரே மருந்தை நம்பியிருக்க முடியாது. வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்சேட், மெர்கேப்டோபியூரின், பிரெட்னிசோன் என நான்கையும் சேர்த்துக் கொடுக்கத் துணிந்த, அமெரிக்காவின் பெத்தெஸ்டா நகர மருத்துவர்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)