ஹார்மோன் சுரக்கும் அண்டகக் கட்டிகள்

இரண்டாம் வகுப்பு மாணவிக்கு மார்பக வளர்ச்சி தொடங்குகிறது, உதிரப்போக்கும் ஏற்படுகிறது. பத்தாம் வகுப்பு மாணவிக்கு மாதவிடாய் நின்று, குரல் தடித்து, முகத்தில் முடி வளர்கிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். அரிதாகச் சிலரிடம் அண்டகத்தில், அதாவது சினைப்பையில், தோன்றிய கட்டி காரணமாகலாம்.

வகுப்பில் நாம் வரையும் கிராஃபியன் ஃபாலிக்கிள் படத்தை நினைவுகூர்வோம். முட்டையைச் சூழ்ந்து கிரானுலோசா செல்கள். அவற்றுக்கு வெளியே தீக்கா செல்கள். தீக்கா செல்கள் ஆண்ட்ரோஜனை உருவாக்குகின்றன. கிரானுலோசா செல்கள் அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. கிரானுலோசா செல் கட்டியாக மாறினாலும் பெரும்பாலும் இந்தத் தொழிலை விடுவதில்லை. அதனால்தான் சிறுமிக்குப் பூப்பின் அறிகுறிகள் முன்கூட்டியே தோன்றுகின்றன. மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்ணுக்கு மீண்டும் உதிரம் படுகிறது. பெரியவர்களுக்கு வரும் வகையில், ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் ஒரே மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பதை 2009இல் கனடா ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இரண்டாவது மாணவியின் நிலைக்குச் செர்டோலி-லீடிக் செல் கட்டி காரணமாகலாம். இது ஆண்ட்ரோஜனைச் சுரக்கும். விந்தகத்துக்குரிய செல்கள் அண்டகத்தில் எப்படி வந்தன? கருவின் ஆறாவது வாரம் வரை இனச்சுரப்பி இருபாலருக்கும் ஒரே தோற்றத்தில்தான் இருக்கிறது. ஒரே முன்னோடிச் செல்களே ஆணில் செர்டோலி செல்களாகவும் பெண்ணில் கிரானுலோசா செல்களாகவும் வளர்கின்றன. இந்தப் பொதுவான பிறப்பே விடை.

இக்கட்டிகள் பெரும்பாலும் ஒரு பக்க அண்டகத்தில் மட்டுமே தோன்றும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பலருக்கு அந்த அண்டகத்தை அகற்றுவதே போதும். மற்றொன்று நலமாக இருந்தால் மாதவிடாயும் பிற்காலத் தாய்மையும் இயல்பாக அமையும். ஆனால் சில வகைகள் பல ஆண்டுகள் கழித்தும் திரும்ப வரக்கூடும். தொடர் பரிசோதனை அவசியம்.

மதுரை வட்டாரத்தில் பெண் பூப்பெய்தினால் சடங்கு வைப்பது வழக்கம். எட்டு வயதுக்கு முன் அறிகுறி தென்பட்டால், சடங்குக்கு நாள் பார்க்கும் முன் மருத்துவரைப் பார்க்கும்படி பெற்றோரிடம் தனியே சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகவோ நேரடியாகவோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குச் செல்லலாம். ஸ்கேனும் இரத்தத்தில் ஹார்மோன் அளவும் பார்த்தால் காரணம் தெளிவாகத் தொடங்கும்.

குரல் மாறிய மாணவியை வகுப்பு கேலி செய்தால், அவள் முதலில் பேச்சைக் குறைப்பாள். பிறகு வருகையைக் குறைப்பாள். அந்தக் கேலியை அன்றே நிறுத்துங்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் விடுபடத் தொடங்கும் முன் நாம் கவனித்தால், சிகிச்சையும் உரிய காலத்தில் தொடங்கும்.