காற்றைக் கண்டுகொள்ளாத விளக்கு

காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பென்சீன் கலந்திருந்தாலும் காட்டிவிடும் கையடக்கக் கருவி ஒன்று உண்டு. உள்ளே ஒரு சிறு புற ஊதா விளக்கு, இரண்டு மின்முனைகள், மிக நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் சுற்று. ஒளி பட்ட பென்சீன் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. அயனிகள் மின்முனைகளை நோக்கி ஓட, மின்னோட்டம் பிறக்கிறது. இதில் சாமர்த்தியம் எங்கே என்றால், மீதியுள்ள காற்று முழுவதையும் கண்டுகொள்ளாமல் விடுவதில். பென்சீனிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 9.24 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஆக்சிஜனுக்கு 12.07 வேண்டும், நைட்ரஜனுக்கு 15.6. கிரிப்டான் விளக்கின் ஒளி அதிகபட்சம் 10.6 தருகிறது. பென்சீன் சிக்கும், காற்று தப்பும். இந்த ஒளியைச் சாதாரணக் கண்ணாடி விழுங்கிவிடும் என்பதால் விளக்கின் சன்னலை மெக்னீசியம் ஃபுளோரைடு படிகத்தில் செய்கிறார்கள்.

அப்படியானால் இன்னும் வலுவான விளக்கைப் போட்டு இன்னும் பல வாயுக்களைப் பிடிக்கலாமே என்று தோன்றும். 11.7 தரும் ஆர்கான் விளக்கு இருக்கிறது, 10.6-க்குச் சிக்காத மெத்தனாலும் ஃபார்மால்டிஹைடும் அதற்குச் சிக்கும். ஆனால் அதன் சன்னல் லித்தியம் ஃபுளோரைடு. ஈரம் அதை அரிக்கும், தன் விளக்கொளியே அதை மங்கவைக்கும், ஆயுள் குறைவு. தேவையில்லாதபோது அதை வாங்குவது வீண் செலவு என்பேன். ஈரத்தின் தொல்லை கிரிப்டான் கருவியையும் விடுவதில்லை: மின்முனைகளுக்கிடையே படிந்த தூசி நனைந்தால் மின்சாரம் கசிந்து, இல்லாத வாயுவை இருப்பதாகக் காட்டும். அதனால்தான் கசிவை இடைமறிக்கக் காப்பு மின்முனை ஒன்றைச் சேர்க்கிறார்கள்.

சிக்கியது எந்த வாயு என்று அந்த மின்னோட்டம் சொல்லாது. வாயுவின் பெயரைச் சொல்லாத கருவியால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. பொதுவாக இதை ஐசோபியூட்டிலீன் வாயுவை வைத்து அளவு திருத்துவார்கள். திரையில் 10 என்றால், இருப்பது பென்சீனாயின் உண்மையில் ஏறத்தாழ 5. அம்மோனியாவாயின் ஏறத்தாழ 100. எனவே பெயர் தெரியாத எண்ணைச் செறிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் எந்தக் கரைப்பான் இருக்கிறது என்று முன்பே தெரிந்த பெயின்ட் ஆலையில், எந்த மூட்டில் கசிகிறது என்று நொடிகளில் காட்ட இதுவே போதும். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குமுன் இதை மட்டும் நம்புவது வேறு கதை: மீத்தேனுக்கு 12.6, கார்பன் மோனாக்சைடுக்கு 14 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அங்கே திரை பூஜ்யம் காட்டினாலும் இரண்டுமே உள்ளே இருக்கலாம்.