டவுன்பைப் விற்பனைக்கு

என் ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 230 பழையபடி கம்பெனி சைலன்சரோடு ஓடுகிறது. கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காக மாட்டியிருந்த மூன்று அங்குல டவுன்பைப்பை இப்போது விற்கிறேன். கேட்டு வருபவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் வண்டி எது என்று கேட்கிறேன். இது முன்சக்கர இயக்க வண்டிக்கானது. இதே இன்ஜின் உள்ள நான்கு சக்கர இயக்க வண்டிக்கு வேறு பைப்.

சிலிண்டரிலிருந்து வரும் சூடான வாயு முதலில் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றும். அந்தச் சுழற்சிதான் மறுமுனையில் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் திணிக்கிறது. சக்கரத்தைத் தாண்டிய வாயு இறங்கும் முதல் குழாய் டவுன்பைப். அது அகலமாக இருந்தால் எதிர் அழுத்தம் குறையும், டர்போ சீக்கிரம் வேகம் பிடிக்கும். முழுப் பலனுக்கு இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு.வை ரீமேப் செய்தாக வேண்டும்.

பைப் பொன்னிறமும் ஊதாவுமாக மாறியிருப்பதைப் பார்த்துச் சிலர் தயங்குகிறார்கள். சூட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேல் படரும் மெல்லிய ஆக்சைடு படலம் அது, குறையே இல்லை. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். டர்போவோடு கிளாம்ப் கவ்வும் விளிம்பைத் தடவிப் பாருங்கள், நெளிந்திருந்தால் புகை கசியும். ஆக்சிஜன் சென்சார் கையாலேயே மரையில் சுலபமாக ஏற வேண்டும். பைப்பை மெல்லக் குலுக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் உட்கூடு உடைந்திருக்கிறது. அதை வாங்காதீர்கள்.

அந்தக் கன்வெர்ட்டரைத்தான் எல்லோரும் 'கேட்' என்கிறோம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய நுண்ணிய கண்கள் வழியாகப் போகும்போது கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகிறது, நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. என் பைப்பில் கேட் இருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 200 கண்கள். ஒரு தம்பி கேட்டார்: "ஏனுங்ண்ணா, கேட்டை எடுத்துட்டா சத்தம் இன்னும் நல்லா வருங்களா?"

"வரும் தம்பி. ஆனா உங்களுக்குப் பின்னால ஸ்கூட்டர்ல குழந்தைய வெச்சுட்டு வர்றவங்க அந்தப் புகையத்தான் இழுக்கணும்."

அவருக்கு நான் விற்கவில்லை. மாசு, ஒலி வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிக்கு மட்டுமே இதைத் தருவேன்.

விற்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கேட் இருக்கிறதா, இல்லையா என்பதை விலைக்கு முன்னால் சொல்லுங்கள். வாங்குபவர்களே, கழற்றிய கம்பெனி பைப்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் உலோகத்துக்காக நல்ல காசு தருவார்கள். ஆனால் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவர அது உங்களுக்கு வேண்டும்.