வானில் மின்சாரம் அற்றால்

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் மாலை, திருச்சிராப்பள்ளியினின்றும் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட விமானம் ஒன்று ஹைட்ராலிக் எனப்படும் எண்ணெய் அழுத்தப் பகுதியிற் பழுது கண்டது. அது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் வானிலே வட்டமிட்டு, எரிநெய்யைச் செலவழித்துப் பாரங் குறைத்து, நூற்றுநாற்பதுக்கு மேற்பட்டாரோடு நலமே இறங்கிற்று. வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தார் பலர்க்கு அந்நிலையமும் ஒரு வாயில் ஆதலின், அச்செய்தி நமக்கு அயலதன்று. அன்று பழுதுற்றது மின்சாரமன்று. ஆதலின் விமானி பொறுத்திருக்க இயன்றது. மின்சாரமே அற்றுப்போயின் அங்ஙனம் பொறுத்திருக்கக் கூடுமோ? அப்பொழுது விமானி என் செய்வார்? இவற்றைச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் ஓர் அச்சத்தைக் களைதல் வேண்டும். மின்சாரம் நின்றால் விமானம் கல்லென வீழும் என்பார் உளர். கல்வராயன் மலையிற் காற்றும் மழையும் கூடி மின்கம்பியை அறுத்தால், வெள்ளிமலையிலும் கரியாலூரிலும் விளக்கு அவியுமேயன்றி வீடு வீழாது. விமானமும் அத்தகையதே. அதனைத் தாங்குவது இறக்கையைத் தழுவி ஓடும் காற்று. அவ்வோட்டத்தை நிலைபெறச் செய்வது எஞ்சின்களின் உந்துதல். ஜெட் எஞ்சினில் ஒருமுறை மூண்ட தீ, எரிநெய் வருமளவும் தானே எரிந்துகொண்டிருக்கும். எரிநெய்யை உட்செலுத்தும் முதன்மைப் பம்பை எஞ்சினே சுழற்றுகின்றது. எஞ்சினை ஆளும் கணிப்பொறியும் தனக்கென அமைந்த சிறு மின்னாக்கியினின்றும் மின்சாரம் பெறும். மின்சாரத்தை நம்பியிருப்பன வேறு: விமானியின் முன்னுள்ள திரைகள், வானொலி, விமானத்தினுட் காற்றழுத்தத்தைத் தாமே சீராக்கும் கருவிகள், விளக்குகள் முதலியன. எனவே மின்சாரம் அற்ற விமானம் பறக்கும். ஆனால் கண்ணும் செவியும் வாயும் இழந்ததாய்ப் பறக்கும்.

மின்சாரம் வரும் வழியை இனிக் காண்போம். ஒவ்வோர் எஞ்சினும் ஜெனரேட்டர் எனப்படும் மின்னாக்கி ஒன்றைச் சுழற்றும். போயிங் 737-800 விமானத்தில் அஃது ஒவ்வொன்றும் 90 கிலோவோல்ட்-ஆம்பியர் ஆற்றலுடையது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. விமானத்திலோ பெரும்பாலும் 115 வோல்ட், 400 சுழற்சி. சுழற்சி மிகுந்தால் மின்மாற்றிகளும் மோட்டார்களும் சிறியனவாய் எடை குறைந்தனவாய் அமையும்; வானிற் செல்வார்க்கு எடையே பெரும்பகை. ஒரு மின்னாக்கி கெட்டால் மற்றொன்று இன்றியமையாதவற்றையெல்லாம் தாங்கும். வாலிலுள்ள சிறு எஞ்சினும் ஒரு மின்னாக்கியை உடையது. இவையாவும் கைவிடின் எஞ்சுவது பாட்டரி. பாத்திரத்தில் வேறாக எண்ணெய் கொண்டுபோன ஐந்து கன்னியரின் விவேகத்தை இவ்வடுக்குகளிற் காணலாம். ஆயினும் பாட்டரியின் ஆயுள் சில விமானங்களில் அரைமணி, சிலவற்றில் ஒருமணி. இங்கே தான் காலக்கணக்குத் தொடங்குகின்றது.

மின்சாரம் அற்றவுடன் விமானிகள் இருவரும் சுவிட்சுகளின்மேற் பாய்தல் கூடாது. ஒருவர் விமானத்தைச் செலுத்துதல் ஒன்றையே செய்வார். சில வகைகளில் தானியங்கிச் செலுத்தியும் நின்றுவிடுமாதலின் அவர் கை ஓய்வதில்லை. மற்றவர் அச்சிட்ட குறிப்பேட்டை எடுத்து, வரி வரியாக உரக்க வாசித்துச் செய்வார். நின்ற மின்னாக்கியை மீண்டும் இணைக்கக் குறிப்பேடு இடந்தந்தால் இணைத்துப் பார்ப்பார். பழுதுற்ற கம்பியில் மின்சாரத்தைத் திரும்பத் திரும்பச் செலுத்துதல் தீயை அழைப்பதாகும். பின்னர்ச் சிக்கனம். உணவு சூடாக்கும் அடுப்பும் பிரயாணிகளின் படத்திரைகளும் முதலில் நிற்கும். தலைமை விமானியின் திரைகள், ஒரு வானொலி, அவசரக் கருவிகள் இவையே உயிரோடு வைக்கப்படும். மின்சாரமே வேண்டாத காந்தத் திசைகாட்டி ஒன்றும் கண்ணெதிரே இருக்கும். பழைய மீகாமர் கண்டாலும் தமதென்று அறிந்துகொள்ளத்தக்க பொருள் அவ்வறையில் அஃதொன்றே போலும்! அண்மையிலுள்ள தகுந்த நிலையத்தை நோக்கித் திரும்புதலும், தம் இடர்நிலையைத் தரைக்கு அறிவித்தலும் உடன் நிகழும். இறங்குகையில் தடைகள் சில முழுமையும் இயங்காவாகலின், நீண்ட ஓடுதளமே நாடப்படும்.

பல விமானங்களில் மற்றுமொரு துணையுண்டு. வயிற்றுப்புறத்திலோ இறக்கையடியிலோ மடிந்துகிடக்கும் சிறு காற்றாடி வெளியே விழுந்து, எதிர்க்காற்றாற் சுழலும். ஏர்பஸ் 320 விமானத்தில் இதன் உதவியாற் கிடைப்பது 5 கிலோவோல்ட்-ஆம்பியர் மாத்திரமே. எனினும் விமானம் ஓடுமளவும் அது தீர்வதில்லை. 2025 ஜூன் 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் 260 உயிர்களைக் கொண்ட விபத்திலும் இக்காற்றாடி வெளிவந்தது. ஆனால் அங்கே அற்றது எஞ்சின்களின் உந்துதல். விமானம் தரைக்குச் சில நூறடி உயரத்திலேயே இருந்தது. காற்றாடி கருவிகளுக்கு வலியூட்டும், விமானத்தை உந்தாது.

பாட்டரியையே நம்பவேண்டிய நிலை 2008 ஜனவரி 7-ஆம் நாள் குவாண்டாஸ் நிறுவனத்தின் போயிங் 747-400 ஒன்றுக்கு நேர்ந்தது. லண்டனிலிருந்து வந்த அது, 365 பேருடன் பாங்காக்கை நெருங்குகையில், நான்கு மின்வழிகளில் மூன்று அற்றன. அவ்வகை விமானத்தில் அக்காற்றாடி இல்லை. வாலிலுள்ள சிறு எஞ்சினையும் பறக்கையில் தொடக்க இயலாது. நான்கு பெரிய எஞ்சின்களும் மாத்திரம் ஒன்றும் நிகழாதனபோல் ஓடிக்கொண்டிருந்தன. பகற்பொழுது, நிலையமோ கண்ணுக்கெட்டும் அணிமையது. தலைமை விமானி எஞ்சிய திரைகளைக் கொண்டு நலமே இறக்கினார். இதுவே பெருங்கடல் நடுவே, நள்ளிரவில் நிகழ்ந்திருப்பின் பாட்டரி கரைமட்டும் தாங்கியிராது.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் காரணம் தேடிச் சென்றது சமையற்கட்டில் முடிந்தது. அங்கே வழிந்த நீர் தரைக்கடியில் இறங்கி, மின்கருவிகளைக் காக்க வைத்த மூடியின் வெடிப்புகள் வழியே, மின்னாக்கிகளை ஆளும் பெட்டிகளுள் சொட்டியிருந்தது. அந்நிறுவனத்தின் பிற 747-400 விமானங்கள் சிலவற்றின் மூடிகளிலும் அத்தகைய வெடிப்புகள் காணப்பட்டன.