எதிர்வரிசையில் ஒரு மணி நேரம்

நம் நாட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரும் வாக்குரிமை பெறுகின்றனர். 1989ஆம் ஆண்டு வரை அந்த வயது 21ஆக இருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 61ஆவது திருத்தம் அதனை 18ஆகக் குறைத்தது. ஆகவே கல்லூரியின் முதலாண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளுள் பலர், ஆட்சியைத் தீர்மானிக்கும் உரிமை உடையவர்கள். வாகனம் ஓட்ட உரிமம் பெறுவதற்குத் தேர்வு உண்டு. படகின் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் தந்தையின் அருகில் பல நாள் நின்று பழக வேண்டும். வாக்களிப்பதற்கோ தேர்வு ஏதும் இல்லை, இருத்தலும் முறையன்று. ஆனால் பயிற்சியுமா வேண்டாம்?

அத்தகைய பயிற்சிக்கென நம் நாட்டில் தோன்றிய ஏற்பாடுகளுள் ஒன்று, மாணவர்கள் நடத்தும் மாதிரி நாடாளுமன்றம். 1962ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய அனைத்திந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்வி நிலையங்களில் இதனை நடத்துமாறு பரிந்துரைத்தது. 1966-67ஆம் ஆண்டில் நடுவண் அரசின் நாடாளுமன்ற விவகாரத் துறை, டில்லிப் பள்ளிகளில் இளைஞர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. பின்னர் அது கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளுக்குப் பரவி, 1997-98 முதல் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் எட்டியது.

தூத்துக்குடியில் 1948இல் தூய மரியன்னை கல்லூரி, 1951இல் வ.உ.சிதம்பரம் கல்லூரி, 1966இல் காமராஜ் கல்லூரி என உயர்கல்விக் கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. கடலை நம்பி வாழ்ந்தோரும் உப்பளத்தில் உழைத்தோரும் தம் மக்களைக் கல்லூரிக்கு அனுப்பும் காலம் வந்தது. பேச்சுப் போட்டி என்றால் நம் பிள்ளைகள் தயங்குவதில்லை. மேடையும் ஒலிபெருக்கியும் அவர்களுக்குப் புதியன அல்ல. ஆனால் மாதிரி நாடாளுமன்றம் பேச்சுப் போட்டி அன்று. இவ்வேறுபாட்டை உணராவிடில் அதன் பயன் முழுவதும் கை நழுவிவிடும்.

அவை நடக்கும் முறை

ஏறத்தாழ 50 மாணவர்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரம்: இவ்வளவே இதற்குத் தேவை. ஒருவர் அவைத்தலைவர். சிலர் அமைச்சர்கள். அவர்களுக்கு எதிரே எதிர்க்கட்சி வரிசை. புதிய உறுப்பினர் உறுதிமொழி ஏற்கிறார். மறைந்தோருக்கு அவை எழுந்து நின்று அஞ்சலி செலுத்துகிறது. அதன்பின் வினா நேரம் தொடங்குகிறது.

இந்த வினா நேரமே முழு நிகழ்ச்சியின் உயிர்நாடி எனலாம். எழுதிக் கொடுத்த வினாவுக்கு அமைச்சர் எழுதி வைத்த விடையைப் படித்துவிடலாம். அடுத்து எழும் துணைக் கேள்விக்கு எழுதி வைத்த விடை ஏது? துறையை உண்மையில் படித்திருந்தால் மட்டுமே அங்குத் தலைநிமிர்ந்து நிற்க இயலும். ஆள்பவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர் என்பதை நூறு பாடங்களைவிட அந்த ஒரு நிமிடத் திகைப்பு நன்கு கற்பிக்கும்.

பின்னர் சட்ட முன்வரைவு வருகிறது, விவாதம் நடக்கிறது, இறுதியில் "ஆம்" என்போரும் "இல்லை" என்போரும் எண்ணப்படுகின்றனர். 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், வாஜ்பாய் அரசு மக்களவையில் 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் வீழ்ந்ததை மாணவர்களுக்கு நினைவூட்டினால் போதும். தம் ஒரு வாக்கினால் ஆவது என்ன என்று எவரும் சோம்பியிரார்.

மனப்பாடம் செய்த மக்களாட்சி

இத்தகைய அமர்வுகள் சிலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். சிலவற்றில் ஆசிரியரே எல்லா வசனங்களையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அமைச்சர்கள் அனைவரும் அறிவாளிகள். எதிர்க்கட்சியினரோ மேசையைத் தட்டிக் கூச்சலிட்டு வெளிநடப்புச் செய்யும் கோமாளிகள். அவையோர் சிரிக்கின்றனர்; பரிசும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அன்று அந்த மாணவர்கள் கற்றது என்ன? மாற்றுக் கருத்து உடையவன் நகைப்புக்குரியவன் என்பதை அன்றோ? இது மக்களாட்சிப் பாடத்துக்கு நேர் எதிரான பாடம்.

நம் கரையில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதன் நினைவு நம் முதியோரிடம் இருக்கிறது. குளிப்பவர் கல்லைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் கண் அயர்ந்தால் கீழே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து. ஆளுங்கட்சிக்கு எதிர்க்கட்சியும் அவ்வாறே. கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பகைவராக எண்ணிய குளிகாரர் எவரும் இல்லை.

இடம் மாறி அமரட்டும்

ஆகவே ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: மாணவனுக்குப் பிடித்த பக்கத்தை அவனுக்குக் கொடாதீர்கள், எதிர்ப்பக்கத்தைக் கொடுங்கள்.

நம் கரைக்கே உரிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையை ஒட்டிய கடற்பகுதி நாட்டுப்படகுகளுக்கு உரியது. விசைப்படகுகள் அதற்கு அப்பால் சென்றே தொழில் செய்ய வேண்டும். 2001 முதல் கோடையில் 45 நாள் தடைக்காலமும் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. வள்ளம் வைத்திருப்பவர், விசைப்படகு எல்லை கடந்து வந்து தம் வலையை அறுக்கிறது என்கிறார். விசைப்படகு உடையவர், கடன் வட்டியும் டீசல் விலையும் தம் கழுத்தை நெரிக்கின்றன என்கிறார். அப்படகில் கூலிக்குச் செல்பவரோ, 61 நாள் அடுப்பெரிவது எப்படி என்று கேட்கிறார். மூவர் சொல்வதிலும் உண்மை உண்டு. மூவரும் ஞாயிறன்று ஒரே ஆலயத்தில் முழந்தாளிடுகின்றனர். மறுநாள் கடலில் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கின்றனர்.

இச்சட்டத்துக்கு ஒரு திருத்தம் மாதிரி அவையில் வருவதாக வைத்துக்கொள்வோம். விசைப்படகு உடையவரின் மகன் நாட்டுப்படகினருக்காக வாதிடட்டும். வள்ளத்தில் செல்பவரின் மகள் மீன்வளத்துறை அமைச்சராக அமர்ந்து, இரு தரப்புக்கும் விடை கூறட்டும். கடற்கரையையே அறியாத உப்பளத் தொழிலாளியின் மகன் கூலியாளின் துயரை எடுத்துரைக்கட்டும். இதற்காக அவர்கள் நூலகத்துக்கு மட்டுமன்றிக் கரைக்கும் செல்ல வேண்டியிருக்கும். இதுவரை தம் தந்தை பேசாதிருந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து, "மாமா, உங்கள் கஷ்டம் என்ன?" என்று கேட்க வேண்டியிருக்கும். அவ்வாறு கேட்டவன், மறுபடியும் தன் பக்கத்துக்கே வாக்களிக்கலாம். அது அவன் உரிமை. ஆனால் எதிர்ப்பக்கத்தாரை இனி அவன் வெறும் பகைவராகப் பார்க்கமாட்டான். வலை அறுந்த ஒரு பூசல் இரு ஊர்ப் பகையாக வளர்வதைக் கண்ட நமக்கு இதன் அருமை தெரியும்.

நம் மண்ணின் மரபு

இது மேல்நாட்டிலிருந்து வந்த புது வழக்கம் என்று எண்ண வேண்டா. திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள மானூரில், ஏறத்தாழ 800ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட பாண்டியர் கல்வெட்டு ஒன்று, ஊர்ச்சபையின் நடைமுறையை வகுக்கிறது. சபையில் வரும் ஒவ்வொன்றுக்கும் "அன்று, அன்று" என்று மறுத்து முட்டுக்கட்டை போடுவோருக்கும் அவர்களுக்குத் துணை நிற்போருக்கும் 5 காசு தண்டம் என்கிறது அது! காரணத்தோடு மறுப்பது வேறு, காரியத்தைக் கெடுப்பதற்கென்றே மறுப்பது வேறு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளோ, 919, 921 ஆகிய ஆண்டுகளில் குடவோலை முறையை விரித்துரைத்து, கணக்குக் காட்டாதோர் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்று விதித்தன.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. அச்சபைகளில் இடம்பெற்றோர் நிலமும் வேதக் கல்வியும் உடைய சிலரே. உழுதவருக்கோ மீன் பிடித்தவருக்கோ பெண்களுக்கோ அங்கே இருக்கை இல்லை. அந்த இருக்கையை எல்லாருக்கும் அளித்தது 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்பே.

அதனை வகுத்த அவையில், சென்னை இலயோலாக் கல்லூரியை வழிநடத்திய இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளார் உறுப்பினராக அமர்ந்து, சிறுபான்மையோர் உரிமைகள் குறித்துப் பேசினார். 1957இல் குளச்சல் தொகுதியில் வென்ற லூர்தம்மாள் சைமன், காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையை ஏற்றார். குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு பெண் சென்னைக் கோட்டைக்குச் செல்ல முடிந்ததெனில், நம் மகளிர் கல்லூரி மாணவி அவைத்தலைவர் இருக்கையில் அமர்வதில் வியப்பென்ன?

திருச்சபையும் இதனை உலகியல் விவகாரம் என்று ஒதுக்கவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, குடிமைப் பயிற்சியும் அரசியல் பயிற்சியும் மக்கள் அனைவருக்கும், சிறப்பாக இளைஞருக்கு, மிகவும் தேவை என வலியுறுத்துகிறது.

பெற்றோர் செய்யத்தக்கது

கல்லூரியில் ஒரு மணி நேரம் கற்றதை, வீட்டில் ஒரு நொடியில் அழித்துவிட நம்மால் முடியும். "பெரியவர் பேசும்போது உனக்கென்ன வாய்?" என்ற ஒரு சொல் போதும். மரியாதை வேண்டும், ஐயமில்லை. ஆனால் மரியாதையோடு எழுப்பப்படும் வினாவுக்கு விடை தருவதும் பெரியவரின் கடமை அன்றோ? புதிய படகு வாங்குவதா, மகளை மேற்படிப்புக்கு அனுப்புவதா என்னும் கேள்வி எழும்போது, இரவு உணவுக்குப்பின் அனைவரும் அமர்ந்து, தாயின் சொல்லையும் மகளின் சொல்லையும் கேட்டு முடிவு செய்யும் இல்லம் ஒரு சிறு நாடாளுமன்றமே. பங்கிலும் அவ்வாறே. திருவிழாக் கணக்கைப் பற்றி இளைஞன் ஒருவன் வினவினால் அதனைக் கலகம் என எண்ணாது, கணக்கை விரித்துக் காட்டுவோம். பங்குக் குருக்களாகிய நமக்கும் இது பொருந்தும்.

வரும் கல்வியாண்டில் உங்கள் மகனோ மகளோ வீட்டுக்கு வந்து, "மாதிரி நாடாளுமன்றத்தில் எனக்கு எதிர்க்கட்சி இருக்கைதான் கிடைத்தது" என்று வருந்தினால், வருந்த வேண்டா என்று சொல்லுங்கள். அங்கே அமர்ந்து அடுத்தவர் துன்பத்தைத் தன் வாயால் பேசக் கற்றுக்கொள்பவர், நாளை எந்த வரிசையில் அமர்ந்தாலும் நீதி தவறார்.