தெரிந்த பாடத்தில் தெரியாத இடம்: கணினிப் பழுதுபார்ப்புத் தேர்வுக்குப் படிப்பது எப்படி?

படிவம் ஐந்து முடித்த விடுமுறையிலிருந்தே கிள்ளானில் மாமாவின் கணினிக் கடையில் திருப்புளியும் கையுமாக நின்றவன் நான். பல்கலைக்கழக விடுதியில் யாருடைய மடிக்கணினி பழுதானாலும் என் அறைக் கதவைத்தான் தட்டுவார்கள். ஆகவே, 2023-இல் ‘கம்ப்டியா ஏ பிளஸ்’ சான்றிதழின் முதல் தாளுக்கு அமர்ந்தபோது வன்பொருள் பகுதியைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வலையமைப்புதான் என் பலவீனம் என்று நானே முடிவு செய்து, படிப்புக்கு ஒதுக்கிய ஆறு வாரங்களில் ஐந்து வாரத்தை அதற்கே கொடுத்தேன். தேர்ச்சிக்கு வேண்டியது 675 புள்ளி. நான் பெற்றது 648.

வேலையில் தகுதிகாண் காலம் முடிய இரண்டு மாதமே இருந்தது. சான்றிதழ் இருந்தால்தான் பணி உறுதி. கட்டணமும் என் சொந்தப் பணம். அன்று கையில் கிடைத்த முடிவுத் தாளைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புள்ளிக்குக் கீழே, நான் தவறாக விடையளித்த பாடக்கூறுகளின் எண்கள் வரிசையாக இருந்தன. வலையமைப்பில் இரண்டே இரண்டு. மற்றவை எல்லாம் வன்பொருளும் பழுதறிதலும்!

நண்பர்களே, இத்தேர்வை எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு அந்தத் தாளிலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 1993-இல் தொடங்கப்பட்ட ஏ பிளஸ், கணினிப் பழுதுபார்ப்புத் துறையில் காலடி வைப்போர் எடுக்கும் அடிப்படைச் சான்றிதழ். இரண்டு தாள்கள், இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், நேரமும் 90 நிமிடம். முதல் தாளுக்கு 675, இரண்டாம் தாளுக்கு 700 புள்ளி தேவை. இப்புள்ளிகள் 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் தரப்படுவதால் 675 என்பதை 75 விழுக்காடு என்று எண்ணிவிடக் கூடாது. நான் எழுதிய வரிசை 2025 செப்டம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. அவ்வாண்டு மார்ச்சில் வந்த 220-1201, 220-1202 என்பவைதான் அதற்கு அடுத்த வரிசை. முதல் தாளில் கைப்பேசி போன்ற கையடக்கச் சாதனங்களுக்கு 13 விழுக்காடு, வலையமைப்புக்கு 23, வன்பொருளுக்கு 25, மேகக் கணிமைக்கும் மெய்நிகர் கணினிக்கும் 11, பழுதறிதலுக்கு 28. பாடக்கூறுகளின் முழுப் பட்டியலையும் அந்த அமைப்பே இலவசமாகத் தருகிறது. அதை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் பலவீனத்தை எழுதிவைக்க அதைவிடச் சிறந்த தாள் இல்லை.

வருடக்கணக்கில் கைவேலை செய்தவனுக்குத் தன் பலவீனம் எங்கிருக்கிறது என்றுகூடத் தெரியாமல் போனது ஏன்? நாம் படிக்கும் முறை அப்படி. புத்தகத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை புரட்டும்போது எல்லாம் பழகிய முகமாகத் தெரிகிறது. பழகிய முகத்தைத் தெரிந்த பாடம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவர்கள், ஒரு வாரம் கழித்துத் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள். ஒருமுறை மட்டும் படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை குறைவு. ஒரு வாரம் கழித்துப் படித்தவர்களுக்கு நினைவிலிருந்தது சுமார் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61 விழுக்காடு. நம்பிக்கை ஒரு பக்கம், அறிவு மறுபக்கம்.

ஆகவே மாதிரித் தேர்வு அவசியம் என்பீர்கள். நானும் செய்தேன், அதிலும் ஏமாந்தேன். நாற்பது கேள்வியில் முப்பத்திரண்டு சரி என்றால், தவறிய எட்டை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த தேர்வுக்குத் தாவினேன். சரியான முப்பத்திரண்டில் எத்தனை குருட்டாம்போக்கில் அடித்தவை? அதை நான் எண்ணவே இல்லை.

இரண்டாம் முறை படித்தபோது ஒரு சிறு மாற்றம் செய்தேன். விடையைத் தேர்ந்தெடுத்ததும், திருத்திப் பார்க்கும் முன்பே, பக்கத்தில் ‘உ’ அல்லது ‘ஊ’ என்று எழுதுவேன். உறுதி, ஊகம். அவ்வளவுதான். ஊகித்துச் சரியானதையும் தவறாகவே கணக்கிட்டேன். என் முப்பத்திரண்டு அன்றே இருபத்து மூன்றாக இறங்கியது. மனதுக்குக் கசப்பாக இருந்தாலும் அதுதான் உண்மைக் கணக்கு. (உண்மைத் தேர்வில் தவறான விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, அங்கே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விட்டுவிடாதீர்கள். ஊகத்தைத் தண்டிப்பது வீட்டில் மட்டும்.)

ஊகத்தைவிட ஆபத்தானது உறுதியோடு தவறுவது. என் பட்டியலில் இவையே அதிகம், அத்தனையும் வன்பொருள் பகுதியில்! ஓர் எடுத்துக்காட்டு. காலையிலிருந்து அச்சாகவில்லை என்று ஊழியர் ஒருவர் முறையிடுகிறார். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன? இயக்கி மென்பொருளை மீண்டும் நிறுவுவேன் என்று ‘உ’ போட்டு எழுதினேன். தவறு. நேற்றிலிருந்து என்ன மாறியது என்று அந்த ஊழியரைக் கேட்பதுதான் முதல் வேலை. சிக்கலை இனங்காணல், காரணத்தை ஊகித்தல், ஊகத்தைச் சோதித்தல், திட்டமிட்டுச் செயல்படுத்தல், எல்லாம் இயங்குகிறதா என்று உறுதிசெய்தல், பதிவு செய்தல் என்று இத்தேர்வு ஆறு படிகளை வகுத்திருக்கிறது. மாமா கடையில் வாடிக்கையாளர் கணினியை முகப்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கேட்பதற்கு ஆள் இருக்காது. பாகத்தை மாற்றிப் பார்ப்பதே எங்கள் வழக்கம். ஏழாண்டுப் பழக்கம் எனக்குத் திறமையையும் தந்தது, அதற்குள்ளேயே ஒரு பலவீனத்தையும் மறைத்து வைத்தது.

பலவீனத்துக்குப் பெயர் வைக்கும்போது கூடியவரை சிறியதாக வையுங்கள். “அச்சுப்பொறியில் வீக்” என்று எழுதினால் எதைப் படிப்பது? என் குறிப்பேட்டில் முதலில் அப்படித்தான் இருந்தது. தோண்டிப் பார்த்தபோது, லேசர் அச்சுப்பொறியின் ஏழு கட்டங்களின் பெயரும் வரிசையும் எனக்குத் தெரியும். அறிகுறியைக் கட்டத்தோடு இணைக்கத்தான் தெரியவில்லை. விரலால் தேய்த்தால் மை உதிர்கிறதா? சூட்டால் மையைத் தாளில் பதிய வைக்கும் உருளையைப் பார்க்க வேண்டும். ஒரே கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுகிறதா? சுழலும் உருளை ஒன்றில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. இதைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது.

பலவீனத்தின் வகையையும் பாருங்கள், மருந்து அதற்கேற்ப மாறும். 169.254 என்று தொடங்கும் முகவரி கணினியில் தெரிந்தால், முகவரி வழங்கும் சேவையகத்தை அது எட்டவில்லை என்று பொருள். இது தெரியாவிட்டால் படித்துக்கொள்ளலாம். மின்னஞ்சலுக்கான 110, 143 ஆகிய எண்களில் எது பாப், எது ஐமேப் என்று தடுமாறினால் அது குழப்பம். இரண்டையும் ஒரே அட்டையில் எதிரெதிரே எழுதிப் பழக வேண்டும். செய்முறைக் கேள்விகளில் கை தடுமாறினால் எவ்வளவு படித்தும் பயனில்லை. பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், அல்லது மெய்நிகர் கணினி ஒன்றை நிறுவி, கட்டளைகளை நீங்களே தட்டிப் பாருங்கள்.

நம் மாணவர்களுக்கு இன்னொரு வகையும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இந்தத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறோம். ‘முதலில்’, ‘பெரும்பாலும்’, ‘மிகச் சிறந்த’ என்னும் பொருள்தரும் ஒரு சொல்லே விடையை மாற்றிவிடும். நான்கு விடையும் சரியானவைபோல் தோன்றும் கேள்விகளில் அந்தச் சொல்லைத் தவறவிட்டால் அது கணினி அறிவின் குறையன்று, அவசரத்தின் குறை. தவறிய கேள்விகளில் இப்படிப்பட்டவற்றுக்கு நான் தனியாகச் சிவப்புப் புள்ளி வைத்தேன். பதினொன்று தேறின.

ஒரே மாதிரித் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதி 95 விழுக்காடு வாங்குவதில் மகிழ வேண்டாம்; மூன்றாம் முறை நீங்கள் விடை தேடுவதில்லை, கேள்வியின் முகத்தை அடையாளம் காண்கிறீர்கள். வெளியே விற்கப்படும் ‘உண்மையான தேர்வுக் கேள்விகள்’ பக்கம் போகவே வேண்டாம். விதிமீறல் என்பது ஒருபுறம். உங்கள் பலவீனம் எது என்று அறியும் கடைசி வாய்ப்பையும் அவை பறித்துவிடும்.

முதல் இரண்டு முயற்சிகளுக்கு இடையே காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதற்குத்தான் 14 நாள் இடைவெளி. ஆனால் ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம். நான் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். இம்முறை 731. தேறினாலும் தவறிய பாடக்கூறுகளின் எண்களை முடிவுத் தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். நான்கு எண்கள் இருந்தன, அவற்றில் ஒன்று வலையமைப்பு. அன்றிரவே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு இரண்டாம் தாளின் பட்டியலை அச்சிட்டேன்.