ஆங்கிலச் சொற்களில் அரபு வேர்கள்

 

மேனிலை வகுப்புப் பிள்ளைகள் கடினமான ஆங்கிலச் சொற்களின் பட்டியலை இரவெல்லாம் உருப்போடுவதை அசோக் நகரில் எத்தனையோ இல்லங்களில் காண்கிறோம். காலையில் பாதி மறந்துவிடுகிறது. ஆங்கிலத்திற்கு நேரம் போதவில்லை என்று பிள்ளையின் அரபு வகுப்பை நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. நிறுத்துமுன் சற்றுச் சிந்தியுங்கள். அப்பட்டியலின் பெரும்பகுதி இலத்தீன், கிரேக்க வேர்களே. ஆயினும் அரபு கற்ற பிள்ளைக்கு எளிதில் பிடிபடும் சொற்களும் அதில் உள்ளன.

'ஜெனித்' என்றால் உச்சம். 'நேடிர்' என்றால் மிகத் தாழ்ந்த நிலை. இரண்டும் வானியல் தந்தவை. தலைக்கு நேர் மேலுள்ள வான்புள்ளியை அரபு அறிஞர்கள் 'ஸம்துர் ரஃஸ்', அதாவது தலைக்கு மேலான வழி என்றனர். இடைக்கால ஐரோப்பாவில் ஏடு பெயர்த்து எழுதியோர், இலத்தீன் எழுத்தில் இருந்த மகரத்தை 'னி' என மயங்கி வாசித்தனர். 'ஸெம்த்' என்பது 'செனித்' ஆகி, ஆங்கிலத்தில் 'ஜெனித்' என்று நிலைத்தது. ஓர் எழுத்துப்பிழை அகராதி ஏறிய கதை இது! அதற்கு நேர் எதிரே, காலடிக்குக் கீழுள்ள புள்ளி 'நளீருஸ் ஸம்த்'. பின்பாதி உதிர, 'நளீர்' நேடிராயிற்று. திசைக்கோணத்தைக் குறிக்கும் 'அசிமத்' என்பதும் 'ஸம்த்' என்பதன் பன்மையான 'ஸுமூத்' வழி வந்ததே.

வரிப்பட்டியலாகிய 'டாரிஃப்', அறிவித்தல் என்னும் பொருளுள்ள 'தஃரீஃப்' என்பதன் வழி வந்தது. 'அல்காரிதம்' 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயர். 'மக்ஸன்' என்றால் பண்டசாலை; அதன் பன்மை 'மகாஸின்'. ஆயுதக் கிடங்கைக் குறித்து வந்த அச்சொல், 1731இல் இலண்டனில் தொடங்கிய ஓர் இதழின் பெயரில் இடம்பெற்று, பிறகு இதழ்களுக்கே பொதுப்பெயராயிற்று. நீங்கள் கையில் வைத்திருப்பதும் அப்பண்டசாலையே.

நம் தமிழும் தந்திருக்கிறது. மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிம வகையோ, அந்தக் 'கொரண்டம்' நம் குருந்தமே.

ஓர் எச்சரிக்கை. ஒலி ஒத்திருந்தால் உறவு என்று துணியாதீர்கள். 'எர்த்' என்பதும் 'அர்ள்' என்பதும் பூமியையே குறித்தாலும், முன்னது ஜெர்மானியக் குடும்பச் சொல். இரண்டிற்கும் உறவு இல்லை. சொற்பிறப்பைத் தரும் பெரிய அகராதியைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இன்றிரவு 'சைஃபர்' என்ற சொல்லில் தொடங்கலாம். சுழியத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' எவ்வாறு இரகசிய எழுத்துக்குப் பெயராயிற்று என்பதைப் பிள்ளையே தேடிச் சொல்லட்டும்.